டிரோனுக்கு வைத்த மைப்பொட்டு

ஆகாஷின் படகு காலை எட்டு மணிக்குக் கவிழ்ந்தது. பிள்ளைச்சாவடிக் கரையிலிருந்து கூப்பிடு தூரம்தான். காப்பாற்ற நீந்திப் போன இரண்டு பேரையும் அலை தூக்கிக் கரையில் அடித்தது. ஒருவனுக்குக் கை முறிந்தது. பாழாய்ப்போன கடல், ஆகாஷின் அப்பாவையும் இதே இடத்தில்தான் வாரிக்கொண்டு போனது.

அதற்காகத்தானே அக்கா வினோதா இந்த டிரோனைக் கட்டினாள்! இருப்பதிலேயே மலிவான மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, நான்கு மோட்டார், பிளாஸ்டிக் குழாயில் சட்டம். காமிரா கிடையாது. கவிழ்ந்தவன் கைக்கு மெல்லிய நைலான் கயிற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒன்றுதான் அதன் வேலை. முதன்முதலாகப் பறக்கவிட்ட அன்று, கண்ணு பட்டுடும் என்று அம்மா வரலட்சுமி அதன் முகப்பில் எண்ணெயில் குழைத்த கண்மையால் வட்டமாகப் பொட்டு வைத்தாள். தினமும் புதுப்பித்தாள்.

வினோதா இயக்க, டிரோன் கயிற்றோடு எழும்பியது. ஆகாஷின் தலை இன்னும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

நெடுமாறன் துடுப்போடு ஓடிவந்தான். அவனுடைய சுருக்குமடி வலையை, தடை செய்த வலை என்று அதிகாரிகள் போன வாரம் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். காட்டிக்கொடுத்தது யார் என்று அன்றிலிருந்து வெறிபிடித்துத் திரிந்தான்.

"இதுலதான படம் புடிச்சு அனுப்புன? தோ மின்னுது பாரு காமிரா!"

"மாமா, தம்பி சாவுறான் மாமா!"

துடுப்பு இறங்கியது. ஆள் உயரம்கூட எழும்பாத டிரோன் மணலில் சிதறியது. பாய்ந்த வினோதாவின் முகத்தில் அடுத்த அடி விழுந்தது. மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. அவள் அவன் கையைக் கடித்துத் தொங்கினாள். வயிற்றில் உதைத்துத் தள்ளினான்.

"எங்கடி காமிரா?" உடைந்த துண்டுகளைக் காலால் கிளறினான்.

வினோதா தவழ்ந்து வந்து முகப்புத் துண்டை எடுத்தாள். பொட்டைக் கட்டைவிரலால் வழித்து அவன் கன்னத்தில் தீற்றினாள்.

"இந்தா காமிரா! உனக்குக் கண்ணு பொடனியிலயாய்யா இருக்கு?"

நெடுமாறன் கன்னத்தைத் தொட்டு விரலைப் பார்த்தான். துடுப்பைக் கீழே போட்டான். கடலில் தலை தெரியவில்லை.

அலை தணிந்ததும் நாலு பேர் இறங்கி ஆகாஷைத் தூக்கிவந்தார்கள். உயிர் இல்லை.

வினோதா துடுப்பை எடுத்தாள். முதல் அடியில் நெடுமாறனின் தோள் இறங்கியது, இரண்டாவதில் மண்டியிட்டான். தடுக்க ஓடிவந்தவர்களை நெடுமாறன்தான் கையைக் காட்டி நிறுத்தினான்.