காணாமல் போன எட்டு கிலோ

கடைத்தெருவில் தராசு வைத்திருக்கிற எல்லோருக்கும் அவனைத் தெரியும். பெயர் சொல்லிக் கேட்டால் தெரியாது, முள்ளு மெக்கானிக் என்று கேட்க வேண்டும். பழக்கடைத் தராசு ஐம்பது கிராம் தள்ளாடினாலும், இரும்புக்கடைத் தராசு ஒரு கிலோவை விழுங்கினாலும், அவன்தான் போய்க் குந்தியிருந்து பார்த்துச் சரிசெய்துவிட்டு வருவான். "கொஞ்சம் நம்ம பக்கம் சாயற மாதிரி வைங்களேன்" என்று கண்ணடித்த கடைக்காரர்களை இருபத்தாறு வருடமாக வாய்க்கு வந்தபடி ஏசி அனுப்பியவன். அப்பேர்ப்பட்டவன் சொந்த வீட்டுக் குளியலறைத் தராசில் எட்டு மாதமாகத் தில்லுமுல்லு செய்துகொண்டிருந்தான் என்றால் யார் நம்புவார்கள்? வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

அவன் மனைவி ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். வயது ஐம்பத்தொன்று, பூசின உடம்பு. முந்நூறு பக்கத்தில் ஒரு கால்புள்ளி விட்டுப்போனாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கண்ணாடியில் தன்னைப் பார்ப்பதும் அதே கண்ணால்தான், பார்க்கிற இடமெல்லாம் பிழை. போதாததற்கு அவள் தங்கை ஒருநாள், "அக்கா, நீ கொஞ்சம் பின்னால நில்லேன், போட்டோ நெறைஞ்சுபோச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். சிரித்துக்கொண்டு சொல்வதுதான் ஆழமாக இறங்கும்.

அந்தச் சமயம் பார்த்து ரத்த அழுத்தமும் நூற்றறுபதைத் தொட்டது. டாக்டரம்மா நல்லவர். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், உப்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள், மாதாமாதம் பிரஷரையும் எடையையும் குறித்து போனில் அனுப்புங்கள் என்று நாலு விஷயம் சொன்னார். இவள் காதில் விழுந்தது எடை ஒன்றுதான். ராத்திரிக்கு அரை வெள்ளரிக்காய், காலையில் வெறும் டீ. நடக்கத் தெம்பில்லை, பசியில் தூக்கமில்லை, வீட்டில் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேச்சில்லை. இவ்வளவுக்கும் தராசு முள் எண்பத்துநாலை விட்டு அசைய மாட்டேன் என்று நின்றது. ஒருநாள் மதியம் அச்சகத்தில் தாள்களின் மேலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் எழுவதற்கு முன்னால் மெக்கானிக் தராசைக் கவிழ்த்துப் போட்டான். உள்ளே ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பினால் சும்மா இருக்கும்போது முள் பூஜ்ஜியத்திலேயே நிற்கும், ஆள் ஏறினால் மட்டும் குறைத்துக் காட்டும். துளி திருப்பினான். அன்று காலை அவள் குளியலறையிலிருந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். மூன்று வேளையும் சாப்பிட்டாள். சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, ஒரு சுத்து நடந்துட்டு வரலாம்" என்றாள்.

ஒரே ஒரு தடவை என்றுதான் நினைத்தான். ஆனால் அடுத்த வாரம் அவள் முகம் முள்ளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது. ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்களே, அதுமாதிரி வாரம் ஒரு மயிரிழை. எண்பத்துநாலு எழுபத்தாறானது. "எடை கொறையுது, சட்டை மட்டும் ஏங்க அப்படியே பிடிக்குது?" என்று ஒருநாள் கேட்டாள். "அந்தச் சோப்புத்தூள் சரியில்ல, துணி சுருங்குது" என்றான். அவளும் மூன்று சோப்புத்தூள் மாற்றிப் பார்த்தாள், பாவம். புள்ளியைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்குப் புருஷனின் புளுகு தெரியவில்லை.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது, ஒரு சனிக்கிழமை காலை அவள் அவனைக் கூப்பிட்டுத் துணி துவைக்கிற மெஷின் முன்னால் நிறுத்துகிறவரைக்கும்.

"இந்த பட்டனைப் பாத்துக்கோங்க. வெள்ளையும் கலரும் ஒண்ணாப் போடக்கூடாது. தண்ணி போற குழாயை மாசம் ஒருதடவை கழட்டிக் கழுவணும்."

"இதெல்லாம் எனக்கு எதுக்கு? நீதான் இருக்கியே."

"இருப்பேன்னு என்ன நிச்சயம்" என்றாள். அதைச் சொன்னபோது அவள் அவனைப் பார்க்கவில்லை.

என்ன ஏது என்று அவன் துளைத்தெடுத்த பிறகுதான் சொன்னாள். "டாக்டரம்மா நேத்து போன் பண்ணாங்க. எட்டு மாசத்துல எட்டு கிலோ கொறைஞ்சிருக்கே, சாப்பாட்டைக் குறைச்சீங்களான்னு கேட்டாங்க. இல்லையே, மூணு வேளையும் நல்லா சாப்பிடறேனேன்னு சொன்னேன். அவங்க குரலே மாறிடுச்சு. இப்படித் தானா எறங்கறது நல்லதில்லையாம். திங்கக்கிழமை வயித்துக்கு ஸ்கேன். எங்க அம்மாவுக்கும் இப்படித்தாங்க ஆரம்பிச்சுது."

மெக்கானிக் ஒரு நிமிடம், உண்மையாகவே ஒரு நிமிடம், வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று யோசித்தான். ஸ்கேனில் ஒன்றும் வராது, விஷயம் அதோடு அமுங்கிவிடும். ஆனால் திங்கட்கிழமை வரைக்கும் இவள் சாவை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"உனக்கு ஒண்ணுமில்லம்மா. தராசோட திருகைத் திருப்பினது நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள். "எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றீங்க. பரவாயில்ல, விடுங்க."

இதைவிடத் தண்டனை உண்டா? எட்டு மாதப் பொய்யை நம்பியவள் உண்மையை நம்ப மாட்டேன் என்கிறாள். மெக்கானிக் பட்டறைக்கு ஓடினான். முத்திரை குத்திய இருபது கிலோ இரும்புக்கல் நான்கை ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்து, தராசின்மேல் அடுக்கினான். மூச்சு இரைத்தது.

"எண்பது கிலோ. கல்லுல பொறிச்சிருக்கு, நீயே படி. முள் எங்க நிக்குது பாரு."

முள் எழுபத்திரண்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அவள் குனிந்து, அச்சுத்தாளைப் பார்ப்பதுபோல் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். அவன் கல்லை இறக்கி, தராசைக் கவிழ்த்து, அவள் கண்ணெதிரே திருகை முறுக்கி, மறுபடியும் கல்லை ஏற்றினான். மூன்றாவது முயற்சியில் எண்பதுக்கு எண்பது காட்டியது. கல்லெல்லாம் இறங்கியதும் அவள் ஏறி நின்றாள்.

"எண்பத்துநாலு" என்றாள். "அதே எண்பத்துநாலாங்க?"

"அதேதான்."

"ஒரு கிலோகூட கொறையலையா?"

"நூறு கிராம்கூட இல்ல."

அவள் தராசிலிருந்து இறங்காமலே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. "இந்த நம்பரைப் பாத்து நான் சந்தோஷப்படுவேன்னு எவனாவது சொல்லியிருந்தா செருப்பால அடிச்சிருப்பேன்" என்றாள். மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வந்த உயிரை அவள் சும்மா விடவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பிடித்துக்கொண்டாள். "என்னைக் கொழந்தைன்னு நெனச்சீங்களா? உண்மையைச் சொன்னா இவ தாங்கமாட்டான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

"நீ மயங்கி விழுந்தியே, அன்னைக்குத் தாங்காமப் போனது நான்தான்."

அவள் கோபம் முழுதாக இறங்கவில்லை. "டாக்டரம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் கேக்கணும்" என்று போனை அவன் கையில் திணித்தாள்.

பள்ளிக்கூடப் பையன்போல நின்றுகொண்டு சொல்லி முடித்தான். "உங்களைத்தான் சார் ஸ்கேன் எடுக்கணும்" என்றார் டாக்டரம்மா. பிறகு, "பிரஷர் மெஷின்லயும் கை வெச்சீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க டாக்டர். அது என் லைன் இல்ல."

"அப்போ அவங்க அனுப்பின நூத்திமுப்பதுங்கிறது நெஜம். எடை எறங்காமலே பிரஷர் எறங்கியிருக்கு. நடந்தது, நேரத்துக்குச் சாப்பிட்டது, தூங்கினது, எல்லாம் சேந்து செஞ்ச வேலை. அதை விடாமப் பண்ணச் சொல்லுங்க. ஸ்கேன் வேணாம். திங்கக்கிழமை வந்து ரத்தம் மட்டும் குடுக்கட்டும், அப்படியே எங்க தராசுலயும் ஒருதடவை நிக்கட்டும்." கடைசியில், "நீங்க அந்தத் தராசுகிட்டவே வராதீங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

போனை வைத்த பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்து எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடாதவள். அவன் சமையலறைக்குப் போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து வைத்தான்.

"போன வாரம் ஆபீஸ்ல லிப்ட் ஓடல" என்றாள். "நாலு மாடியும் நடந்தே ஏறினேன். மூச்சு வாங்கல. எட்டு கிலோ கொறைஞ்சதாலதான்னு நெனச்சேன்."

"கொறையல."

"எண்பத்துநாலும் சேந்துதான் ஏறியிருக்கு."

"ஆமா."

அவள் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள்.

"எத்தனை வருஷமா இதைத் திட்டியிருக்கேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம நாலு மாடி ஏறியிருக்குங்க."