மலையோரம் நிற்கும் ஆள்

அன்றைக்கு என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

அண்ணன் சடையன் ஆந்திரக் காட்டுக்கு மரம் வெட்டப் போய் நான்கு மாதமாக ஒரு சேதியும் இல்லை. அம்மா பாதி நாள் பட்டினி கிடந்தாள். நான் கீழே சங்கராபுரம் பக்கம் ஒரு செருப்புக் கம்பெனியில் வேலை செய்கிறேன். மேனேஜர்கள் சீன மொழி பேசுகிறவர்கள். மொழிபெயர்க்கும் வேலைக்குப் போகலாம் என்ற ஆசையில், செல்போனில் அந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தேன். லீவில் கல்வராயன் மலைக்கு ஏறி வந்தபோது, அம்மாவைத் தேற்றுவதற்காக ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்: 仙. இடது பக்கம் ஒரு மனிதன், வலது பக்கம் மூன்று முகடுள்ள மலை. மலைக்குள் போனவன், சாவே இல்லாதவன் என்று அர்த்தம் சொன்னேன். அண்ணனும் அப்படித்தான் மலையில் இருப்பான் என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

அம்மா தாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். அடுத்த முறை வந்து பார்த்தால், வாசற்படிக்கு மேலே மஞ்சளில் அதே எழுத்து, கோணல்மாணலாக. குலசாமிக்குப் படைக்கிற சாமைச்சோறு அதற்கும் படைத்திருந்தாள். நான் சிரித்தேன். அன்றே அழித்திருக்க வேண்டும், புத்தி கெட்டவள்.

போன செவ்வாய்க்கிழமை போலீஸ்காரர் ஒருவர் வந்தார். ஆந்திரக் காட்டில் ஒரு பாறைக்கடியில் உடல் கிடைத்திருக்கிறதாம். முகம் தெரியவில்லை, சட்டைப் பையில் கள்ளக்குறிச்சி பஸ் டிக்கெட். பெற்றவள் வந்து ரத்தம் கொடுத்தால் அவள் பிள்ளைதானா என்று சோதித்துப் பார்ப்பார்கள். சனிக்கிழமைக்குள் யாரும் போகாவிட்டால் அநாதைப் பிணம் என்று புதைத்துவிடுவார்கள்.

அம்மா அசையவில்லை. அண்ணி செவ்வந்தி காலைப் பிடித்து அழுதும் பார்த்தாள்.

"எவன் பொணத்துக்கோ நான் இன்னாத்துக்கு ரத்தம் குடுக்கணும்? எம்புள்ள மலையில கீறான். நீதான சொன்ன?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, இப்போதே கிளம்பினால்தான் உண்டு என்ற நேரத்தில், பாடத்தில் படித்தும் அவளிடம் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன்.

"அதுக்கும் முந்தி அந்த எழுத்த வேற மாதிரி எழுதினாங்கம்மா. மலையே கெடையாது. ஒரு ஆளு, பக்கத்துல நாலு கையி. நாலும் சேந்து தூக்குது."

எதைத் தூக்குகிறது என்று கேட்டாள். மேலே தூக்குகிறது என்பதுதான் பாடத்தில் இருந்தது, எதை என்று இல்லை. இந்த முறை நானாக எதையும் சேர்க்கவில்லை. தெரியவில்லை என்றேன்.

அம்மா தன் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

"அவனத் தூக்க அங்க யாரு கீறாங்க?"

அம்மா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு பங்காளி வீடுகளுக்குப் போனாள். ஆண்கள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். உடல் அண்ணனுடையதுதானா என்று பஸ்ஸில் அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.