ஃபிரிட்ஜ் பக்கத்தில் மலாயன் யூனியன்

என் தங்கை தனேஸ்வரிக்குச் செஜாராவில், அதாவது வரலாற்றில், இருபத்தெட்டு மார்க். பள்ளியின் கடைசித் தேர்வான எஸ்பிஎம்மில் இந்தப் பாடம் தேறாவிட்டால் மற்றதில் எவ்வளவு எடுத்தாலும் சான்றிதழ் கிடையாது. அவளுடைய நர்சிங் ஆசை அதோடு சரி. இந்த லட்சணத்தில் பள்ளி நாடகத்தில் மண்டோர், அதாவது தோட்டத்துக் கங்காணி, வேஷம் வேறு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நாடகத்த விட்டுட்டு புக்க எடு லா," என்றேன்.

"புக்கு மண்டையில நிக்க மாட்டேங்குதுக்கா. வசனம் நிக்குது. எந்த எடத்துல நின்னு பேசறனோ, அந்த எடமே ஞாபகப்படுத்திடுது."

"அப்ப செஜாராவையும் நின்னுக்கிட்டே பேசு."

எரிச்சலில் சொன்னேன். அவள் நிஜமாகவே செய்தாள். ஃபிரிட்ஜ் பக்கத்தில் மலாயன் யூனியன், பாத்திரம் கழுவுமிடத்தில் மலேசிய உருவாக்கம், வாசற்படியில் சுதந்திரம். பாசிர் பெனம்பாங் மீன்கடையில் வேலை முடிந்து வந்தால் எனக்குத் தண்ணீர் குடிக்க வழி இருக்காது. "நீதான் வெள்ளைக்கார கவர்னர், கையெழுத்துப் போடு," என்று கரண்டியை நீட்டுவாள். திட்டிக்கொண்டே போடுவேன். அடுத்த பள்ளிச் சோதனையில் நாற்பத்தொன்பது வாங்கினாள்.

தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் தீபாவளி. நானும் அம்மாவும் வீட்டைக் கழுவி, ஃபிரிட்ஜ், மேசை, அலமாரி எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்தோம். பள்ளியிலிருந்து வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய் ஃபிரிட்ஜை ஒற்றையாளாகத் தள்ள ஆரம்பித்தேன்.

"விடுக்கா. போன வாரம் நாடகப் போட்டிக்கு சுங்கை பெசார் போனோமே, அங்க மேடை எங்க மேடையில பாதிதான். நான் நிக்க வேண்டிய எடத்துல தூணு. எங்க மேடைய மனசுல நெனச்சிக்கிட்டுப் பேசுனேன், அவ்ளோதான்."

கண்ணை மூடினாள். மலாயன் யூனியனை யார் எதிர்த்தார்கள், ஏன் எதிர்த்தார்கள் என்று வெறும் சுவர் முன்னால் ஒன்றுவிடாமல் மலாயில் சொன்னாள். ஆடத் தெரியாதவள்தான் கூடம் கோணல் என்பாள். எனக்குப் புல்லரித்துவிட்டது.

முடிவு வந்த அன்று மீன்கடைக்கே வந்து தாளை நீட்டினாள். செஜாரா, பி கிரேடு. செதில் ஒட்டிய கையோடு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

"நாடகத்த விடச் சொன்னது என் தப்புடி," என்றேன். நான் யாரிடமும் தப்பை ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை.

"ஆமா," என்றாள், கொஞ்சமும் யோசிக்காமல்.