கால் சுற்று

வண்டி ஆடும் என்று நினைத்துத்தான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அதன் கூரைமேல் இருந்த கேரியரைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். வண்டி அசையவே இல்லை. கேரியரின் முன் சட்டம் மட்டும், விழப்போகிற பால்பல் மாதிரி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக் கொடுத்தது.

"பாத்தீங்களா?" என்றாள் மனைவி. வேலை முடிந்து அந்த எஸ்யூவியை ஓட்டிக்கொண்டு அப்போதுதான் வந்திருந்தாள். "வழி நெடுக கடகடன்னு சத்தம். சிக்னல்ல நின்னா பக்கத்துல இருக்கறவன்லாம் நிமிர்ந்து பாக்கறான். புது கேரியர் வாங்கி ஒரு வாரமா பெட்டியோட கிடக்கு. அதை மாட்டாம நாளைக்கு நான் வண்டிய எடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"போன வாரம்தானே டைட் பண்ணேன்."

"அதுக்கு முந்தின வாரமும் பண்ணீங்க. டைட் பண்ண சாமான் எப்படிங்க வாராவாரம் லூசாகும்?"

அவரிடம் பதில் இல்லாத கேள்விகள் இந்த உலகத்தில் குறைவு. துணி துவைக்கும் இயந்திரம் நின்றால் நானே சரிபண்ணுவேன் என்பார், குழாய் ஒழுகினால் நானே, தலைமுடி வளர்ந்தால் வெட்டிக்கொள்வதும் நானே. அந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் வீட்டில் யாரும் அவரோடு வெளியே போட்டோ எடுத்துக்கொள்வதில்லை. மற்றபடி கை சுத்தமான கை. கடைக்கு வருகிறவர்கள் பிரேமை வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு, "காதுல இருக்கறதே தெரியல சார்" என்பார்கள். அதில் ஒரு தொழில் ரகசியம் உண்டு. கண்ணாடி பிரேமின் ஸ்க்ரூவை முழுதாக இறுக்கக் கூடாது. இறுக்கினால் லென்ஸின் விளிம்பு தெறித்துவிடும். இறுகுவதற்குக் கால் சுற்று இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் இப்போதெல்லாம் அவர் நிறுத்துவதே இல்லை. கை தானாக நின்றுவிடும்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு மகளுக்குத் தேர்வுப் போட்டி. கோலூன்றித் தாண்டுகிற பெண் அவள், பதினேழு வயது. நாலரை மீட்டர் நீளக் கம்புகளை பஸ்ஸில் ஏற்ற முடியாது, காருக்குள்ளும் நுழைக்க முடியாது. ஆகவே இந்தக் கேரியரை நம்பித்தான் அந்த வீட்டின் விளையாட்டு வாழ்க்கையே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு மாதமாக ஓட்டம் நின்றுபோயிருந்தது. பயிற்சியில் அவளுடைய மஞ்சள் கம்பு, அவள் அதில் தொங்கி மேலே எழும்போது, பட்டென்று இரண்டாக முறிந்துவிட்டது. மெத்தையில்தான் விழுந்தாள், உள்ளங்கை கன்றியதோடு சரி. உடம்புக்கு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு ஓடி வருவாள், கம்பை ஊன்ற வேண்டிய இடத்தில் ஊன்றாமல் அப்படியே ஓடிப் போய்விடுவாள். "பயம் மனசுல உக்காந்துடுச்சு, அதை நான் எறக்க முடியாது" என்று கோச் கைவிரித்துவிட்டார். நாளைக்கு எடுத்துப் போகப் பழைய குட்டைக் கம்புகள் இரண்டைத்தான் எடுத்து வைத்திருந்தாள். அவற்றை வைத்துக்கொண்டு தேறவே முடியாது என்பது அவளுக்கும் தெரியும். உயரம் தாண்டக்கூடிய நீலக் கம்பு படிக்கட்டுக்கு அடியில் உறை பிரிக்காமல் கிடந்தது.

அப்பா சும்மா இருப்பாரா? முறிந்த அன்று எடுத்த வீடியோவை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தார். காகிதத்தில் படம் வரைந்து கோணம் குறித்தார். ராத்திரிச் சாப்பாட்டில் தினமும் ஒரு வகுப்பு. "உன் மேல் கை முழுசா நீளலம்மா. அதான் கம்பு தாங்கல. கம்பு தப்பு பண்ணாது, நாமதான் தப்பு பண்ணுவோம்." அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். ஆரம்பத்தில் பதில் சொல்வாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

ஏணியைப் போட்டு ஏறி, பழைய முன் சட்டத்தை வண்டியோடு கவ்வுகிற பிடியின் ஸ்க்ரூவைக் கழற்றினார். திருகுசாவியே தேவைப்படவில்லை, விரலாலேயே வந்துவிட்டது. பிடி இரண்டு விரற்கடை நகர்ந்திருந்தது. அடியில் இருக்க வேண்டிய ரப்பர் எங்கோ விழுந்துபோய், இரும்பு மூலை ஒன்று மேலே துருத்திக்கொண்டு நின்றது. கட்டைவிரலால் தடவினார், சுரீர் என்றது. அந்த மூலையில் மஞ்சளாக ஏதோ பொடி ஒட்டியிருந்தது.

மகரந்தமா? பெயிண்ட்டா? அவர் வண்டி வெள்ளை. சட்டைப்பையிலிருந்து கடையில் வைத்துப் பார்க்கிற உருப்பெருக்கியை எடுத்துக் கண்ணில் வைத்தார். மெல்லிய மஞ்சள் நார்கள்.

ஏணியை விட்டு இறங்கி, வாசல் ஓரம் சாத்தியிருந்த முறிந்த கம்பின் நீளமான துண்டை எடுத்து வந்தார். எப்போதும் கட்டுகிற மாதிரியே, கைப்பிடி டேப் வண்டியின் முன்பக்கம் பார்க்க, கட்டுகிற பட்டையின் கறுப்புத் தடம் பின் சட்டத்தில் படும்படி, மேலே வைத்துப் பார்த்தார். கம்பு முறிந்த வாய் நேராக அந்த இரும்பு மூலைமேல் வந்து உட்கார்ந்தது. பிசகவே இல்லை. பயிற்சிக்குப் போன ஒன்றரை மணி நேரமும் கேரியர் கடகடவென்று ஆடி ஆடி, ஒரே இடத்தில் கம்பை அறுத்திருக்கிறது. அடிபட்ட கம்பை நம்பித்தான் அவள் தலைகீழாகத் தொங்கியிருக்கிறாள்.

நாலு ஸ்க்ரூ. நாலையும் தன் கையால்தான் இறுக்கினார். நாலிலும் கால் சுற்று மிச்சம் வைத்திருப்பார், சந்தேகமே வேண்டாம். கழுத்து முறிந்திருந்தால்? அந்த நினைப்பை அதற்கு மேல் போக விடவில்லை. பிறகு இன்னொரு நினைப்பு வந்தது, அது இதைவிடக் கேவலமானது. விரலால் ஒரு துடைப்பு துடைத்தால் மஞ்சள் போய்விடும். பழைய சாமானோடு சாமானாகக் குப்பைக்குப் போய்விடும். நாளைக்கும் மகள் ஓடி வந்து ஊன்றாமல் போவாள், கோச் மறுபடி கைவிரிப்பார், அவ்வளவுதானே? அவ்வளவுதான் என்று தோன்றியபோதுதான் அவருக்குத் தன்மேல் ஆத்திரம் வந்தது.

"அம்மா, கொஞ்சம் வெளிய வா" என்று மகளைக் கூப்பிட்டார். குரல் கொஞ்சம் கூடுதலாகவே ஒலித்ததில் மனைவியும் வந்து நின்றாள்.

படம் வரையவில்லை, கோணம் சொல்லவில்லை. கம்புத் துண்டை மேலே வைத்துக் காட்டினார். கம்புத் துண்டை மேலே வைத்துக் காட்டினார். "உன் கை சரியாத்தான் இருந்திருக்கு. கேரியர் அறுத்திருக்கு. மாட்டினது நான்."

அவள் நெடுநேரம் உருப்பெருக்கியை இறக்கவில்லை. இறக்கியபோது கண் கலங்கியிருந்தது.

"ஒரு மாசம்ப்பா," என்றாள். "ஒரு மாசமா சோத்துல கைய வெக்க விடாம என் கைய குத்தம் சொன்னீங்க. நானும் நம்பிட்டேன். ஓடி வரும்போதெல்லாம் இந்தக் கைய நெனச்சுத்தான் பயந்தேன்."

"தப்புதான்மா."

"உங்கப்பா தன் மேல தப்புன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல" என்றாள் மனைவி. "தேதியைக் குறிச்சு வைக்கணும்." யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் அவள் அப்படிச் சொன்னதில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

புது கேரியரின் பெட்டியை மகளே பிரித்தாள். அப்பா ஜென்மத்தில் படிக்காத விளக்கக் காகிதத்தை ஏணிமேல் விரித்தாள். "டக்னு சத்தம் வர்ற வரைக்கும் திருகணும்னு போட்டிருக்கு. தள்ளுங்க, நான் பண்றேன்." பெட்டியில் கூடவே வந்திருந்த திருகுசாவியைப் போட்டுத் திருகினாள். கால் சுற்று இருக்கும்போது அவருடைய கை, "போதும்" என்று தானாக எழுந்துவிட்டது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே திருகினாள். டக். அடுத்தது, டக். மூன்றாவதும் டக்.

நாலாவதுக்குச் சாவியை அவரிடம் நீட்டினாள். திருகினார். கை நின்றது. நின்ற கையை அவரே வெறித்துப் பார்த்தார், ஏதோ வேறு ஆளின் கை மாதிரி. உலோகம் தெறித்துவிடும், உடைந்துவிடும் என்று விரல்கள் சொல்லிக்கொண்டே இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கால் சுற்றையும் திருகினார்.

டக்.

அவள் வண்டியின் பக்கப்படியில் ஏறி இரண்டு கையாலும் முன் சட்டத்தைப் பிடித்து, காலை மடக்கி, முழு எடையோடு தொங்கினாள். வண்டி மொத்தமும் ஸ்பிரிங்கில் கிறீச்சென்று அவள் பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. சட்டம் மயிரிழைகூட அசையவில்லை. இன்னும் இரண்டு தடவை ஆடிப் பார்த்துவிட்டுக் குதித்தாள். உள்ளே போனாள்.

"குட்டைக் கம்பு ரெண்டும் இங்க வாசல்லதானே இருக்கு? எதுக்கு உள்ள போறா?" என்றாள் மனைவி.

உள்ளே படிக்கட்டுக்கு அடியில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கதவு வழியாக முதலில் நீல முனை ஒன்று வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது. கம்பு பாதிக்கு மேல் வாசலைத் தாண்டிய பிறகுதான் அதைப் பிடித்திருந்த கை தெரிந்தது.