கம்பத்தடியில் விழுந்தவன்

ஸ்கேன் சென்டர் வாசலில் மயிலாளுக்குச் செருப்பு மாட்ட முடியவில்லை. காலை நுழைப்பாள், உருவுவாள்.

"ம்மா, சாமளாபுரம் பஸ் போயிரும், வா" என்று மகள் தேஜஸ்ரீ கையைப் பிடித்து இழுத்தாள்.

பிள்ளைக்கு நிலைகொள்ளாத சந்தோஷம். நானூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தவள். சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டிக்குமுன் பள்ளியில் பரிசோதித்தவர்கள், நெஞ்சில் ஏதோ இரைச்சல் கேட்கிறதென்று எக்கோ பார்க்க அனுப்பியிருந்தார்கள். தூத்துக்குடிப் பேச்சு மாறாத டாக்டர் ரோஸ்மேரி, பிள்ளையின் நெஞ்சில் பசை தடவி, கருவியை விலாவோரம் அழுத்தி, திரையில் துடித்த இதயத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதயத்துச் சுவர் கொஞ்சம் தடிச்சிருக்கும்மா. ஓடுத பிள்ளைகளுக்கு இப்படி ஆகிறது உண்டு. சீக்கோட ஆரம்பமும் இப்படித்தான் இருக்கும். படத்தை மட்டும் வச்சுப் பிரிச்சுச் சொல்ல முடியல. உங்க குடும்பத்துல சின்ன வயசுல யாரும் நெஞ்சுவலியில சட்டுனு இறந்திருக்காங்களா?"

"இல்லீங்க. எங்கூட்ல அப்படி யாரும் இல்லீங்க."

"அப்ப ஓடட்டும். ஆறு மாசத்துல மறுபடி பாப்போம். ஓடும்போது கண்ணு இருட்டிச்சுன்னா மட்டும் அந்த இடத்துலயே நிறுத்திரணும்."

அந்தக் 'கண்ணு இருட்டிச்சுன்னா'தான் இப்போது மயிலாளைச் செருப்பு மாட்ட விடவில்லை.

அவள் பொய் சொல்லவில்லை, பாருங்கள். அவள் கல்யாணத்துக்கு முன், இருபத்திரண்டு வயதில், அண்ணன் ஈஸ்வரமூர்த்தி மாரியம்மன் நோன்புக்குக் காப்புக் கட்டியிருந்தான். காப்புக் கட்டினவன் ஊரைவிட்டு வெளியே தங்கக்கூடாது. அவனோ திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு நைட் ஷிப்ட் போய்விட்டு வந்து, மறுநாள் கோயில் முன்னால் நட்ட கம்பத்தைச் சுற்றி ஆடினான். "மயிலு, கண்ணு இருட்டுது, தண்ணி கொண்டா" என்றான். சொம்போடு திரும்பி வருவதற்குள் கம்பத்தடியில் கிடந்தான். ஆத்தா கோவித்துக்கொண்டாள் என்றது ஊர். அப்பனும் அதையே நம்பி, அவன் பெயரை வீட்டில் எடுக்கவிடவில்லை. சாமி குத்தத்தில் போனவனை, நெஞ்சுவலியில் போனவர்களோடு அவள் எப்படிச் சேர்ப்பாள்?

"கண்ணு, மறுக்கா உள்ள போலாம்."

"ஏம்மா, பர்ஸை விட்டுட்டயா?"

"உங்க மாமனை விட்டுட்டேன்."

"எனக்கேது மாமன்?"

உள்ளே மாடிப்படியில் நின்றபடியே அண்ணன் கதையைச் சொல்லி முடித்தாள். தேஜஸ்ரீயின் முகம் சுருங்கிப்போனது.

"சொன்னா என்னை ஓட விடமாட்டாங்கம்மா. சென்னைக்குப் போயிட்டு வந்தப்புறம் சொல்லிக்கலாம்."

"போற எடத்துல விழுந்தயின்னா?"

"அது சாமி குத்தம்தானே? அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே!"

மயிலாளின் கால் ஒரு படி கீழே இறங்கியது. ஒரே ஒரு போட்டி. பிள்ளை இத்தனை நாள் விடியுமுன் எழுந்து ஓடியது இதற்குத்தானே? தண்ணீர்ச் சொம்பு இன்னும் கையில் கனப்பது போலிருந்தது.

"அப்படியே விட்டுத்தான் எங்கண்ணன் இன்னைக்கு வரைக்கும் குத்தவாளியாக் கெடக்கறான்" என்றாள். மகள் இழுக்க இழுக்க மேலே ஏறினாள்.

முழுவதையும் கேட்டுவிட்டு ரோஸ்மேரி பேனாவை வைத்தார். "இதைத்தாம்மா கேட்டேன். ஓட்டத்தை இப்பவே நிறுத்திருவோம். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்துட்டுப் பேசுவோம்."

"பழுதான பனியனாட்டம் என்னை செகண்ட்ஸ்ல ஒதுக்கிட்டீங்க" என்றாள் தேஜஸ்ரீ. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒதுக்கல பிள்ள. உன்னை விழாமப் பாத்துக்கணும்லா?" என்றவர் மயிலாளைப் பார்த்தார். "நீங்களும் படுங்க. அவரு கூடப்பிறந்தவங்கள்ல. இது ரத்தவழியா வார சீக்கு."

"எனக்கெதுக்குங்க?"

"படுங்கம்மா."

பசை ஜில்லென்றது. மயிலாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அறையில் அவளுடைய இதயம் 'லப் டப்' என்று அடிக்கிற சத்தம். கோபத்தை விட மனமில்லாமல் நின்ற பிள்ளை மெல்லத் திரும்பித் திரையைப் பார்த்தாள்.

"ஏனுங்க டாக்டர், எங்கம்மாளுக்கும் தடிச்சிருக்குங்களா?"

"பொறு, பாக்கேன்" என்றார் ரோஸ்மேரி.

தேஜஸ்ரீ கட்டிலருகே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.