மெஷினில் கோளாறு இல்லை

நுரையீரல் கணக்கெடுப்பு என்று ஒரு வேலை. காரைக்கால் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய், வயது வந்தவர்களை ஒரு குழாயில் ஊதச் சொல்லி, எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று அளக்க வேண்டும். கூடவே கொஞ்சம் ரத்தமும் எடுப்போம். நுரையீரலின் பலத்தில் பரம்பரைக்கு எவ்வளவு பங்கு என்று பார்ப்பதற்காம். "ஊதுங்க, நிறுத்தாதீங்க, இன்னும், இன்னும்" என்று கத்துவதுதான் என் உத்தியோகம். கோட்டுச்சேரிமேட்டில் ஒரு மீனவர், "ஏம்மா, இதுக்கு முன்னாடி பிரசவ வார்டுல வேல பாத்தியா?" என்று கேட்டார். "ஆமா, ஆம்பளைங்க பிரசவ வார்டுல" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

தினமும் காலையில் மெஷினைச் சோதிக்க வேண்டும். முதலில் மூன்று லிட்டர் காற்று பிடிக்கும் பெரிய சிரிஞ்சால் தள்ளிப் பார்ப்போம். பிறகு நோய்நொடி இல்லாத ஓர் ஆள் ஊத வேண்டும். அந்த ஆளின் அளவு எப்போதும் ஒரே மாதிரி வந்தால் மெஷின் நலம் என்று அர்த்தம். எங்கள் குழுவில் அந்த ஆள் நான். வயது முப்பத்தெட்டு, ஒரு சளி காய்ச்சல் கிடையாது. எங்கள் குழுவின் டாக்டர் நௌஷினே பார்த்து, "வெண்மதிதான் சரி" என்று சொன்னார்.

போன வருடம் தையில் ஆரம்பித்தோம். தீபாவளிக்குள் என் அளவு இறங்கியிருந்தது. இந்த வருடம் சித்திரையில் இன்னும் இறங்கியது. மெஷின் கெட்டுவிட்டது என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். "சிரிஞ்சுல சரியாத்தானே காட்டுதுக்கா" என்றாள் என்னோடு வேலை பார்க்கும் இஃபாத். "சிரிஞ்சா வந்து ஊதப் போவுது? மனுஷங்கதானே ஊதுறாங்க" என்று அவள் வாயை அடைத்தேன். ஆனியில் புது மெஷின் வந்தது. ஊதினேன். அதே அளவு. இஃபாத் ஊதினாள். அவளுக்குப் போன வருடம் வந்த அளவே வந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் குழாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

டாக்டர் நௌஷின் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குழுவில் இருந்தவர்களின் ரத்தமும் கணக்கில் சேர்ந்திருந்தது.

"நுரையீரலைக் காப்பாத்துற ஒரு புரதம் உங்க ரத்தத்துல இல்லேன்னே சொல்லலாம். அப்பாகிட்டேருந்து ஒரு பழுது, அம்மாகிட்டேருந்து ஒரு பழுது, ரெண்டும் சேர்ந்தாத்தான் இப்படி ஆகும். உங்க வீட்ல சொந்தத்துல கல்யாணம் பண்ற பழக்கம் உண்டா?"

என் அப்பா என் அம்மாவுக்கு அத்தை மகன். என் கணவர் மதியழகன் என் அம்மாவின் தம்பி. வருகிற ஆவணியில் என் மகள் இனியாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை என் தம்பி அகரன், அவளுக்குத் தாய்மாமன். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று உறவே கொண்டாடிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் நான் இதில் பாதியைத்தான் சொன்னேன்.

கோவில்பத்தில் இருக்கும் வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பும்போது செத்தவர்களை நினைத்துக்கொண்டே வந்தேன். தாத்தா மூச்சுத் திணறிப் போனதற்கு பீடி காரணம். பெரியம்மாவுக்கு நெல் மில் தூசி. ஐந்து வருடத்துக்கு முன்னால் போன அம்மாவுக்கு விறகடுப்புப் புகை. எங்கள் வீட்டில் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது. நான் பீடியும் குடிக்கவில்லை, விறகும் எரிக்கவில்லை. எனக்கு என்ன சொல்வார்களோ தெரியவில்லை.

மதியழகன் கூடத்தில் உட்கார்ந்து நிச்சயத்துக்குக் கூப்பிட வேண்டியவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். "நிச்சயத்த நிறுத்தணும் மாமா" என்று ஆரம்பித்து, டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் திடுக்கிடவில்லை. பேனாவை மெதுவாக மூடினார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

"உனக்கும் ஆரம்பிச்சிடுச்சா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எங்கப்பாவ, அதான் உன் தாத்தாவ, பாண்டிச்சேரிக்கு அழச்சிட்டுப் போனப்பவே டாக்டர் சொன்னாரு. ரத்தத்துல வர்ற கோளாறு, இனிமே சொந்தத்துல கட்டாதீங்கன்னு. எனக்கும் உங்கம்மாவுக்கும் மட்டுந்தான் தெரியும். அப்ப உனக்குப் பதினேழு வயசு."

"தெரிஞ்சுமா என்னைக் கட்டுனீங்க?"

"தெரிஞ்சதாலதான் கட்டுனேன். மூச்சு நோவுக் குடும்பம்னு ஊருக்குத் தெரிஞ்சா உன்ன யாரு எடுப்பா? மறைச்சு வெளியில கொடுத்தா, நாளைக்கு நீ இருமுனதும் கொண்டாந்து விட்டுட்டுப் போயிடுவான். அக்கா என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதுச்சு. நானே கட்டிக்கிட்டா விஷயம் வீட்டோட போயிடும்ல?"

இருபது வருடமாக இந்த மனிதரைப் போல நல்லவர் உண்டா என்று கர்வப்பட்டிருக்கிறேன். இப்போதும் அவர் நல்லவர்தான். அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவர் மடியில் விழுந்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

"இனியாவுக்கு என்கிட்டேருந்து ஒரு பழுது கண்டிப்பா போயிருக்கும். உங்ககிட்டேருந்தும் ஒண்ணு வந்திருந்தா அவளும் என்ன மாதிரிதான். அகரன்கிட்டேயும் இருந்தா, அவங்களுக்குப் பொறக்கப் போற புள்ள?"

"சத்தமாப் பேசாத. பக்கத்து வீட்ல கேக்கும்" என்றார்.

இவரிடம் பேசிப் பயனில்லை. அகரன் பள்ளிக்கூட வாத்தியார், பூவத்தில் தனியாக வீடெடுத்து இருக்கிறான். படித்தவன். விஷயத்தைச் சொன்னால் அவனே வேண்டாம் என்று விலகிவிடுவான், ஒருவர் பேரும் கெடாது. கொல்லைப்பக்கம் போய் அவனுக்குப் போன் செய்தேன். மெஷின், ரத்தம், பாண்டிச்சேரி டாக்டர், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்க நிறுத்த வேண்டியிருந்தது.

"தெரியும்க்கா" என்றான் கடைசியில்.

"யாரு சொன்னா?"

"அம்மாதான். போறதுக்கு முன்னாடி என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு. மாமா உனக்குப் பண்ணத நான் இனியாவுக்குப் பண்ணணும்னு. அதனாலதான் வேற எங்கயும் பொண்ணு பாக்க வேணாம்னேன். நீ பயப்படாதக்கா. வெளியில ஒருத்தருக்கும் தெரியாது."

அவன் குரலில் அவ்வளவு அன்பு இருந்தது.