பினாங்குக் கட்டுரையின் நான்காம் பத்தி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பொய் அச்சிலும் வந்திருக்கிறது.

மாண்டலேயில் வெளியாகும் ஒரு மாத இதழில் பதினொரு வருடமாக ஆசிய நகரங்களைப் பற்றி எழுதிவருகிறேன். ஹனோய், பாங்காக், கொழும்பு, தைப்பே. எங்கே என்ன சாப்பிட்டேன், யாரோடு பேசினேன் என்ற விவரங்கள்தான். பினாங்குக் கட்டுரையின் நான்காம் பத்தி இது:

"சந்தையின் பின்சந்தில் ஒரு பர்மாக்காரப் பெண்மணி ஊறல் தேயிலை விற்கிறார். வறுத்த பூண்டு பல்லில் மொறுமொறுக்க, தேயிலையின் துவர்ப்பு மெல்ல நாக்கில் ஏறுகிறது. இவ்வளவு தூரம் வந்து ஊரின் ருசியைக் கண்டேன்."

வாசகர்கள் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். புளிக்க ஊறவைத்த தேயிலையைப் பிசைந்து தின்பது எங்கள் ஊர் வழக்கம். அந்தத் தட்டை நான் தொடவே இல்லை. அந்தப் பெண்மணி என் தங்கை.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'பினாங்கில் அன்று நல்ல வெயில்' – வேண்டாம். மறுபடியும் பயணக் கட்டுரையாகிவிடும்.

'எங்கள் வீட்டுப் பெண்கள் தெருவில் நின்று சமைத்து விற்றதில்லை' – உண்மைதான். ஆனால் இப்படித் தொடங்கினால் கடைசிவரை என் பக்க நியாயத்தையே பேசிக்கொண்டிருப்பேன்.

'எங்களில் கடைசியான சான் யீ, நாற்பது வயதில் ஆசிரியை வேலையை விட்டுவிட்டு, ஆ ஹொக் என்ற பினாங்குச் சீனச் சமையல்காரரோடு' –

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. ஓடிப்போனாள் என்றுதான் வீட்டில் சொல்லிக்கொண்டோம். அவள் ஓடவில்லை. பகல் பதினொரு மணிக்கு அப்பாவை மூன்று முறை விழுந்து வணங்கிவிட்டு, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, வாசல் வழியாக நடந்து போனாள்.

3

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவுக்கு ஒரு பெயர், பிள்ளைக்குச் சம்பந்தமில்லாத வேறொரு பெயர். யார் யாருடைய பிள்ளை என்று ஊரறிய அச்சில் வருவது ஓர் இடத்தில்தான். பத்திரிகையில் போடும் மரண அறிவிப்பு. பிள்ளைகள், மருமக்கள், பேரர்கள் எல்லாம் அதில் வரிசையாக வருவார்கள்.

ஆறு வருடத்துக்கு முன் அப்பா காலமானபோது அறிவிப்பை எழுதியவன் நான், மூத்தவன். நாங்கள் நான்கு பிள்ளைகள். மூன்று என்று எழுதினேன். விகாரைக்கு மண்டபம் கட்டிக் கொடுத்த வீடு எங்களுடையது. அந்த அப்பாவின் பெயருக்குக் கீழே ஒரு தெருக்கடைக்கார மருமகனின் பெயர் வருவதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் பெயரை எடுத்தால் அவள் பெயரையும் எடுக்கவேண்டும். எடுத்தேன்.

[அப்பாவின் தலையணைக்கு அடியில் பினாங்குச் சாதிக்காய் மிட்டாய் டப்பா ஒன்று பாதி காலியாக இருந்தது. யார் அனுப்பியது என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. இந்த அடைப்புக்குறியை வெட்டிவிடலாமா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.]

4

கட்டுரைக்காகத்தான் பினாங்கு போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது மூன்று வருடத்துக்கு முன். காலை ஒன்பது மணிக்குப் பட்டு லுங்கியும் அதற்கு மேல் கோட்டுமாக அவள் கடைக்குப் போய், பிளாஸ்டிக் முக்காலியில் முதுகு வளையாமல் உட்கார்ந்தேன்.

ஆ ஹொக் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். அவளிடமிருந்து எங்கள் மொழியை நன்றாகவே கற்றிருந்தார்.

"யாரும்மா இது? சுகாதார ஆபீசரா? லைசென்ஸை எடுத்து மாட்டவா?"

"சும்மா இருங்க. எங்க பெரியண்ணன்."

"அட, மச்சானா! நான் பயந்துபோய்க் கையுறையைத் தேடிக்கிட்டிருக்கேன். கோட்டைக் கழட்டுங்க மச்சான். இங்க கோழியைத்தான் வேகவைப்போம், ஆளை இல்ல."

சான் யீ சிரித்துவிட்டாள். நான் கோட்டைக் கழற்றவில்லை.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"ம்."

"அப்பா அறிவிப்பை ஒருத்தர் எனக்கு அனுப்பினார் அண்ணே. என் பேரு இல்ல."

இதற்குப் பதிலைத் தயார் செய்துகொண்டுதான் போயிருந்தேன்.

"அச்சகத்துல விட்டுட்டாங்க."

"அச்சகத்துலயா?"

"ஆமா."

"மூணு பிள்ளைங்கன்னு எண்ணி வேற போட்டிருந்தாங்களே. ரொம்பக் கவனமான அச்சகம்தான்."

அவள் எழுந்து போய், ஊறல் தேயிலைத் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

பர்மிய மன்னர் காலத்தில் வழக்குக்குத் தீர்ப்பு வந்ததும் இரு தரப்பும் ஊறல் தேயிலை தின்னவேண்டும். தின்றால் தீர்ப்பை ஏற்றதாக அர்த்தம், அதற்குப் பிறகு பேச்சில்லை. நீதிமன்றங்கள் அதை மறந்துவிட்டன. அப்பா மறக்கவில்லை. எங்கள் சண்டைகளையெல்லாம் அந்தத் தட்டை வைத்துத்தான் முடித்துவைப்பார்.

"சரி, அச்சகத்துத் தப்புதான். நான் ஒத்துக்கறேன்" என்று சொல்லி, ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "நீங்களும் சாப்பிடுங்க."

என் பொய்யையே தீர்ப்பாக ஏற்றுக்கொள்ள அவள் தயாராக இருந்தாள். ஆனால் சாப்பிட்டால், எங்களுக்குள் ஒரு வழக்கு இருந்தது என்பதை நான் ஒப்புக்கொண்டதாகும். வழக்கே இல்லை என்பவன் தீர்ப்பை எப்படிச் சாப்பிடுவது?

"வயிறு சரியில்ல" என்றேன். வெறும் தேநீர் குடித்தேன்.

(இங்கே அவள் முகத்தை வர்ணிக்கவேண்டும். நான் அப்போது தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

5

கட்டுரை வெளிவந்த வாரம் அவளிடமிருந்து போன் வந்தது.

"படிச்சேன் அண்ணே. நல்லா எழுதியிருக்கீங்க."

"ம்."

"உங்களுக்குப் பூண்டு ஒத்துக்காதுன்னு அன்னைக்கு நான் பூண்டே போடல."

நான் இதழை எடுத்து நான்காம் பத்தியைத் தேடினேன்.

"நீங்க தொடலைங்கறது அப்பவே தெரியும். தட்டைப் பார்க்கக்கூட இல்லைங்கறது இப்பத்தான் தெரியுது."

இப்போது அந்தக் கட்டுரைகள் புத்தகமாகின்றன. போன மாதம் அதை அவளிடம் சொன்னேன், பெருமையாகத்தான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"அந்தப் பத்தி வந்தா, 'என் தங்கை இன்னாள்'னு என் பேரோட வரட்டும். இல்லாட்டி மொத்தமா எடுத்துடுங்க. பேரில்லாத பர்மாக்காரியா இருந்தது போதும் அண்ணே."

பதிப்பாளர் வெள்ளிக்கிழமைக்குள் திருத்தங்களைக் கேட்கிறார். இன்று புதன்.

6

முடிவு, ஒன்று: பத்தியை வெட்டிவிடுகிறேன். கட்டுரை அப்போதும் நன்றாகவே இருக்கும், எதுவும் குறைந்ததாக யாருக்கும் தெரியாது. அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

முடிவு, இரண்டு: பெயரைப் போடுகிறேன். விகாரையில் என் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு ஞாபகசக்தி அதிகம். "அன்னைக்கு மூணுன்னு போட்டிருந்தீங்களே ஊ போ த்வே?" என்று கேட்பார்கள். நான் என்ன சொல்வது என்று –

முடிவு, மூன்று: விமானம் ஏறிப் போய், அதே முக்காலியில் உட்கார்ந்து, நானாகவே தட்டைக் கேட்டு வாங்குகிறேன். இதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் கதையில் வருகிற அண்ணன் சாப்பிட்டுவிட்டார். நான் இன்னும் மாண்டலேயில்தான் இருக்கிறேன்.

7

கதையாக எழுதினால் எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். சான் யீ என்பது அவள் பெயர் இல்லை. ஆ ஹொக்கின் பெயரை உள்ளபடியே எழுதிவிட்டேன், கூச்சப்படாமல். தங்கையின் பெயர் வரவேண்டிய இடத்திலெல்லாம் கை வேறொரு பெயரை எழுதியது. கதைதானே, பெயரை மாற்றுவது வழக்கம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அறிவிப்பில் ஒரு முறை, கட்டுரையில் ஒரு முறை, இப்போது இங்கே.

நீங்கள் பினாங்கு போவீர்களானால், காலையில் போங்கள், நண்பகலுக்குள் கடையைக் கட்டிவிடுவார்கள். உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் அவள் பெயரைக் கேளுங்கள். உடனே சொல்வாள், அதில் அவளுக்கு ஒரு தயக்கமும் கிடையாது. அதைக் கொண்டுவந்து இங்கே எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

என் தங்கையின் பெயர் ……………………